இரண்டு கதையிலும் மழை

என் சேலையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போன என் அருமை நாத்தனார் வடிவுக்கு,

அழுதுகொண்டே எழுதியிருப்பேன் என்று நீ நினைத்தால் ஏமாந்து போவாய். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் அண்ணனிடம் சொன்னால் "சரி, விடு" என்கிறார். அந்த மனிதருக்கு உலகத்தில் எல்லாமே "சரி, விடு"தான், உனக்குத் தெரியாதா? நீ இருந்தால் டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஆட்டோவில் உன் காதைத் தின்றிருப்பேன். இப்போது அந்த ஆட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டு போகிறேன். பக்கத்தில் யாரோ உட்காருகிறார்கள், இறங்குகிறார்கள்.

அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே உனக்கு இதை எழுதுகிறேன். படிக்கட்டும். படிக்காமலே எல்லாம் தெரிந்தவர்களாக இருக்கிறார்களே, அதுதானே இப்போது என் சண்டையே.

முதலில் உன் நினைவுக்கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட ஹாலில் ரஜனிகந்தா மாலை போட்டு உன் படத்தை வைத்தார்கள். ஹார்மோனியம் வைத்துப் பாடினார்கள். ஒருவர் பின் ஒருவராக மைக்கைப் பிடித்து நீ அமைதியின் உருவம், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவள் என்றார்கள். யார், நீயா? சில்லறைக்காக ஒரு கிழவரை இறக்கிவிட்ட ஆட்டோக்காரனை நடுரோட்டில் நிறுத்தி வைத்து வங்காளத்தில் வறுத்தெடுத்தவள்தானே நீ? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுபீர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், உன் புருஷனுக்கும் அதே சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாகத் தலைமை ஆசிரியை பேசினார். வடிவு மிஸ் பாடம் நடத்திய முறை இந்தப் பள்ளியில் என்றைக்கும் வாழும் என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் மூன்றாம் வகுப்பு அலமாரியைக் காலி செய்தார்கள். உன் நீல நிறத் தாத் கைத்தறிச் சேலையை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? மாடிப்படி துடைக்கிற கம்பின் நுனியில், சொட்டச் சொட்ட. என் அரக்குச் சுங்குடி மட்டும் அலமாரியின் மேல்தட்டில் ஒதுங்கிக் கிடந்ததால் தப்பித்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அந்த இரண்டு சேலையும் என்னவென்று இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

வடிவு மூன்றாம் வகுப்பில் இரண்டு கதைகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுப்பாள். தரையில் இரண்டு சேலைகளை முறுக்கி இரண்டு பெரிய வட்டமாகப் போடுவாள். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். நீல வட்டம் ஒரு கதை, அரக்கு வட்டம் இன்னொரு கதை. பிள்ளைகள் கதையில் கண்டதைச் சொல்லி அந்தந்த வட்டத்தில் போய் நிற்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது என்றால் நடுவில். பிள்ளைகளுக்கு அந்த நடுவிடத்தின் பெயர் மாஜ்கானே. வங்காளத்தில் நடுவிலே என்று அர்த்தம். மாஜ்கானேயில் நிற்பதற்கு அடிபிடியாக இருக்கும். ஆனால் யாரும் சும்மா போய் நின்றுவிட முடியாது. புத்தகத்தைத் திறந்து அந்த வரியின் மேல் விரலை வைக்க வேண்டும். "கோத்தாய் லேகா ஆச்சே?" எங்கே எழுதியிருக்கிறது? அது ஒன்றுதான் வடிவு கேட்கிற கேள்வி. விரல் இல்லாவிட்டால் கால் வெளியே.

ஒருநாள் ஒரு பையன் இரண்டு கதையிலும் வருகிறவர்கள் ஏழைகள் என்று சொல்லி நடுவில் குதித்தான், ஞாபகம் இருக்கிறதா? முதல் கதையில் வரியைக் காட்டிவிட்டான். இரண்டாவதில் தேடு தேடென்று தேடினான். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தான். பிறகு படத்தைக் காட்டி, "மிஸ், சட்டை கிழிஞ்சிருக்கு, இதுல விரல் வைக்கலாமா?" என்றான். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "வை" என்றாய். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜ்ஜியத்தைப் பிடித்த மாதிரி நின்றான் அந்தப் பயல்.

ஒப்பிடுவது என்றால் என்னவென்று நம் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி பவானிபூர் வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அத்தை உன்னையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் பேசினார். என் சொதி தண்ணீர், உன் சொதி கெட்டி. நான் வாயாடி, நீ கெட்டிக்காரி. விருந்தாளி வந்தால் அதுதான் பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரியும். நீதான் ஒருநாள் அடுப்படியில் வைத்துச் சொன்னாய்: "ரெண்டு பேரப் பக்கத்துல வச்சா ஒருத்தி தோக்கணும்னு யாரு மதினி சொன்னா? ரெண்டையும் நல்லாப் பாக்கதுக்குத்தான பக்கத்துல வைக்கோம்."

உன் பாடத்தின் சாரமே அதுதான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. நம் பள்ளிக்கூடமோ காலையிலிருந்து மாலை வரை பிள்ளைகளைப் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறது. கதையைக் கதையோடு ஒப்பிடப் பிள்ளைக்குச் சொல்லித்தா என்றால் மட்டும் நேரமில்லை என்கிறது.

நீ பூஜா விடுமுறை முடிவதற்குள் போய்விட்டாய். திறந்ததும் ஒரு கம்பெனியின் பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. ஒவ்வொரு தாளிலும் இரண்டு வட்டம் அச்சடித்திருக்கிறது. பின்பக்கம் ஆசிரியருக்கு விடை. ஒரு பையன் பஸ்ஸில் கிடந்த குடையை எடுத்து உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரு பெண் பார்க்கில் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கொடுக்கிறாள். நடுவில் எழுத வேண்டியது: இருவருமே தொலைந்த பொருளைக் கண்டெடுத்தார்கள், இருவருமே திருப்பிக் கொடுத்தார்கள். தேர்வில் இந்த ஜோடிதான் வரும் என்று முன்னாலேயே சொல்லியும் விட்டார்கள்.

உன் இடத்துக்கு ஷர்மிஷ்டா வந்தாள். சின்னப் பெண், கெட்டவள் இல்லை. கையில் தாளைக் கொடுத்தால் நடத்தாமல் என்ன செய்வாள்? பிப்ரவரி முழுக்க சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு மாதிரி எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இருவருமே கண்டெடுத்தார்கள், இருவருமே திருப்பிக் கொடுத்தார்கள். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

உன் ரிமி மட்டும் அதைக் கேட்கவில்லை. முன் பெஞ்சில் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்து, வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பாளே, அவள்தான். பிப்ரவரியில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டிலேயே இருந்தாள். தேர்வுக்குத்தான் வந்தாள்.

இப்போது கேள். தேர்வுத்தாளில் குடைக் கதை இருக்கிறது. அடுத்து கைக்கடிகாரக் கதை இல்லை. கம்பெனி புதுப் பதிப்பில் இரண்டாம் கதையை மாற்றியிருக்கிறது, நம்மிடம் இருந்ததோ பழைய பயிற்சித்தாள். புதுக் கதையில் மினு என்ற பெண் ரிக்‌ஷாவுக்கு அடியில் நனைந்துபோய்க் கிடக்கிற பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "யாருதோ, போய் விட்டுட்டு வா" என்று அம்மா சொல்கிறாள். மினு விடவில்லை. தானே வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை.

வகுப்பு மொத்தமும் என்ன எழுதியது தெரியுமா? இருவருமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு பிள்ளையைத் தவிர யாரும் மிச்சமில்லை வடிவு. பூனைக்குட்டியைப் படத்தோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் முழு மதிப்பெண். விடைக்குறிப்பும் பழையதுதானே, கணக்குச் சரியாகப் போய்விட்டது. தாளைப் பிரித்தவர், கொடுத்தவர், திருத்தியவர், மேற்பார்வைக் கையெழுத்துப் போட்டவர் என்று இத்தனை பேரில் அந்தக் கதையை ஒருவர்கூடப் படிக்கவில்லை.

படித்தது ரிமி ஒருத்தி. கோணல்மாணலான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பையன் திருப்பிக் கொடுத்தான், மினு கொடுக்கவில்லை. பையன் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டப் பயந்தான், மினு அம்மாவுக்கே பயப்படவில்லை. நடு வட்டத்தில் ஒரே ஒரு வரி: இரண்டு கதையிலும் மழை பெய்கிறது.

அதற்கு முட்டை போட்டிருந்தார்கள். சிவப்பு மையில், நல்ல வட்டமாக.

பெற்றோரை அழைத்துத் தேர்வுத்தாளைக் காட்டுகிற நாளில் அவள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "நீங்க வடிவு மிஸ்ஸோட பௌதி தானே?" என்று வங்காளத்தில் கேட்டாள். அண்ணன் பெண்டாட்டிக்கு இங்கே அதுதானே பெயர், பள்ளிக்கூடம் முழுக்க நான் உன் பௌதிதான். "ரிமிய ஸ்லோ செக்‌ஷன்ல போடப் போறாங்களாம் மிஸ். வாசிப்புல தேறலையாம். வீட்டுல எந்நேரமும் கதைப் புத்தகமும் கையுமாத்தான் இருக்கா. அம்மை போட்டா மூளை மந்தமாயிடுமா?" அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

நான் தாளை வாங்கிக் கதையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. ரிமி அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து, "நீ எழுதினது நல்லாத்தானே இருக்கு, ரிமி" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அடுத்த தடவ என்ன எழுதணும்னு முன்னாலேயே சொல்லிடுங்க மிஸ். நான் கதையப் படிக்க மாட்டேன்" என்றாள்.

எட்டு வயதுப் பிள்ளை வடிவு. கதையைப் படிக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுக்கிறது, இனிமேல் நல்ல பிள்ளையாக இருக்கிறேன் என்கிற மாதிரி. ஸ்லோ செக்‌ஷன் போனால் போகட்டும், அதிலிருந்து ஒரு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம். இந்த வாக்கிலிருந்து அவளை யார் வெளியே கொண்டுவருவது?

தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். ஷர்மிஷ்டாவையும் கூப்பிட்டார்கள். கதையைப் படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "விடைக்குறிப்புல இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அழாத குறையாக. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதக் கிளறினா மொத்த வகுப்புக்கும் மார்க் குறைக்கணும். பெற்றோர்கள் விடுவாங்களா? ரிசல்ட் கொடுத்தாச்சு பௌதி. ஒண்ணு பண்ணலாம், அந்தப் பொண்ணுக்கு கிரேஸ் மார்க் போட்டு உங்க வகுப்புக்கே அனுப்பிடறேன். போதுமா?"

"கிரேஸா? சரியா எழுதினதுக்கு மன்னிப்பா?" என்றேன்.

"வார்த்தைய ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மார்க்கக்கூட விடுங்க. அவ எழுதினதுதான் சரின்னு வகுப்புல ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

"அதச் சொன்னா மத்தவங்க எழுதினது தப்புன்னு ஆயிடுமே!"

ஆமாம் தாயே, அதைத்தானே நானும் சொல்கிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "வடிவு போனதிலிருந்து நீங்க சரியாவே இல்ல. கொஞ்சம் லீவு எடுத்துக்கங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு பிள்ளைக்கு அநியாயம் என்று சொன்னால் அது என் துக்கமாம். உன் சாவை எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தார் அந்த அம்மாள். அதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

ரிமியின் அம்மாவுக்கு கிரேஸ் மார்க்கே பெரிய நிம்மதி. என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் என்ன சொல்லட்டும்? அவளைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளை தப்பித்தது என்று அவள் போனாள். ரிமி அவள் பின்னாலேயே தரையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜாதவ்பூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். சுபீர் நன்றாகத்தான் இருக்கிறார், கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அண்ணன் போய் அவரோடு கேரம் ஆடுகிறார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, காய்ச் சத்தம்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து போய் உன் பீரோவைத் திறந்து மஞ்சள் சேலையைக் கொண்டுவந்தார். சரஸ்வதி பூஜைக்கு நீ கட்டுவாயே, அது. "நீலம் போயிடுச்சுன்னு சொன்னீங்களே பௌதி. இத எடுத்துக்கங்க" என்றார். "தரையில போட்டா அழுக்காகுமே" என்றேன். "அவ அதுக்குத்தானே சேலையே வாங்குவா" என்றார். அப்போதுதான் கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான்.

வருஷத்தின் கடைசி நாள் பிள்ளைகள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். நான் மூன்றாம் வகுப்புக்குள் போனேன். ஷர்மிஷ்டா என்னையும் என் கையில் இருந்த சேலைகளையும் பார்த்தாள். தானே பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு, அதையும் எழுதிவிட வேண்டும் அல்லவா?

உன் மஞ்சளும் என் அரக்கும் தரையில் விழுந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்கும். தேர்வுத்தாளைக் கையில் கொடுத்து, "போய் நில்லுங்க" என்றேன். ஒரே பாய்ச்சல். மொத்த வகுப்பும் மாஜ்கானேயில். இருவருமே திருப்பிக் கொடுத்தார்கள்! ரிமி மட்டும் கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றாள்.

"கோத்தாய் லேகா ஆச்சே?" என்றேன். உன் மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை. என் வங்காளம் இன்றைக்கும் பாளையங்கோட்டை வங்காளம்தானே?

விரல்கள் தாளில் இறங்கின. குடைக் கதையில் டக்கென்று நின்றன. இரண்டாம் கதையில் ஓடின, கடைசி வரி வரை போயின, திரும்ப மேலே வந்தன. கசமுசா என்று பேச்சு. ஒரு பெண் தலையைத் தூக்கி, "ஃபேரத் தேய்னி தோ!" என்றாள். திருப்பிக் கொடுக்கவில்லையே! அப்புறம் ஒவ்வொரு குரலாக அதையே சொன்னது. ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. உன் கிழிந்த சட்டைப் பயல் இருக்கிறானே, அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்: "அப்போ எனக்கு எதுக்கு மிஸ் ஃபுல் மார்க் போட்டீங்க?" அவன் முகத்தில் அவ்வளவு கோபம். தலைமை ஆசிரியைக்கு வராத கோபம் அந்தப் பொடியனுக்கு வந்தது. ஷர்மிஷ்டா, "நான் கதையப் படிக்காமத் திருத்திட்டேன்டா" என்றாள். அத்தனை பிள்ளைகள் முன்னால் சொன்னாள்.

மாஜ்கானே காலியாக இருந்தது. பூனைக்குட்டி தொலைந்த பொருளும் இல்லை, இரண்டுக்கும் ஒன்றும் பொதுவில்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ரிமியைப் பார்க்கவில்லை. பார்த்தால் வரமாட்டாள் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது.

திரும்பினால் அவள் தனியாக நடுவில் நிற்கிறாள். குனிந்து, தாளைத் தரையில் விரித்து, ஒரு கை விரல் குடைக் கதையில், இன்னொரு கை விரல் பூனைக் கதையில். "ப்ரிஷ்டி" என்றாள், மெதுவாக. மழை. ரிக்‌ஷாவுக்கு அடியில் குட்டி ஏன் நனைந்திருந்தது என்று யாருமே யோசிக்கவில்லையே. எல்லோரும் குனிந்து தேடினார்கள். "ஹ்யா தோ! ப்ரிஷ்டி!" ஆமாம், மழையேதான் என்று மொத்த வகுப்பும் திரும்ப உள்ளே பாய்ந்து அவளை நெருக்கித் தள்ளியது. உன் மஞ்சள் சேலையில் ஒரு மூலை கிழிந்துவிட்டது. கம்பெனியின் விடைக்குறிப்பில் மழை எங்கேயும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. அனுமதியில்லாமல் இன்னொரு வகுப்பில் நுழைந்து ஒழுங்கைக் குலைத்தேனாம், விளக்கம் தர வேண்டுமாம். "சரி, விடு, மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துரு" என்கிறார் உன் அண்ணன். நீ என்ன சொல்லுவாய்? "என்னத்துக்குக் கெடந்து குதிக்கிய மதினி" என்று முதலில் என்னைத் திட்டுவாய். அப்புறம் என்னைவிட நாலு மடங்கு குதிப்பாய். போகிற அவசரம் என்ன உனக்கு? நீ பாதியில் விட்டுப்போன வகுப்பைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதானா கிடைத்தேன்?

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி, ரிமியின் தாளையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன், அவர்கள் ஒரு தடவையாவது அதைப் படிக்கட்டும். அதற்கு என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

ஏப்ரலில் ரிமி என் வகுப்புக்கு வருகிறாள். உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வகுப்பில் நான் இருக்கும்வரை என் கையில் விடைக்குறிப்பு இருக்காது. "என்ன எழுதணும் மிஸ்?" என்று அவள் கேட்டால், "எனக்குத் தெரியாது, நானும் இன்னும் படிக்கல, வா" என்று சொல்லி அவளோடு தரையில் உட்காருவேன். உன் கிழிந்த மஞ்சளைத் தைத்து வைத்திருக்கிறேன். அலமாரிக்குப் பூட்டும் வாங்கிவிட்டேன்.

ஒப்பிட ஆள் இல்லாமல் தனியாக நிற்கிற
உன் மதினி,
பகவதி